ஷேடிங் பெல்

ஸ்ட்ராடஜி என்ற சொல்லை யாராவது என் முன்னால் சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிரிக்கெட்டைப் பற்றிச் சொன்னாலும் சரி, கல்யாணப் பந்தியில் எந்த வரிசையில் உட்கார்ந்தால் பாயசம் சூடாக வரும் என்று விளையாட்டாகச் சொன்னாலும் சரி. அந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடையின் மாடியில் நடந்த கோச்சிங் சென்டரில் இருந்தார். அவருக்கு அங்கே எந்தப் பாடமும் கிடையாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் இருந்தார்கள். இவர் நடத்தியது பரீட்சை எழுதுவது எப்படி என்பதை மட்டும். நாங்கள் அவரை ஸ்ட்ராடஜி சார் என்றுதான் சொல்வோம். அவருக்கும் அது பிடித்திருந்தது.

நான் அங்கே சேர்ந்தது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு, ரிப்பீட்டர் பேட்ச்சில். ஒரு தடவை நீட் எழுதி, மெடிக்கல் சீட்டுக்கு வேண்டிய மதிப்பெண்ணுக்குக் கீழே நின்றுபோயிருந்தேன். ரொம்பக் கீழே இல்லை. உயிரியல் நன்றாக வந்திருந்தது, வேதியியல் பரவாயில்லை. இயற்பியலில்தான் கடைசிப் பக்கங்களுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்தக் கேள்விகள் தெரியாமல் விட்டவை அல்ல, போய்ச் சேராமல் விட்டவை. மூன்று பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இயற்பியல் என்பதால் வயிற்றெரிச்சல் கூடுதலாக இருந்தது.

அப்பாவுக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தாம்பரத்திலிருந்து ரயிலில் போய் வருவார். டாக்டர் ஆகு என்று அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, நானாகத்தான் ஆசைப்பட்டேன். ரிசல்ட் வந்த அன்று சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னொரு வருசம் படிச்சிக்கோமா. அத்தோட சரி. அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது, நீயும் கேக்கக் கூடாது."

நான் சரி என்றேன். அவர் வேலை செய்கிற இடத்தின் சூட்டில் மதியம் ஒரு முறை நின்று பார்த்திருக்கிறேன் என்பதால் பேரம் பேச வாய் வரவில்லை. எனக்கு இருந்தது ஒரு வருடம், ஒரு பரீட்சை.

முதல் சில வாரங்கள் ஸ்ட்ராடஜி சாரை எனக்குப் பிடிக்கவும் செய்தது. ஆள் பார்க்க நன்றாக இருப்பார், சட்டையில் சுருக்கம் இருக்காது, குரலை உயர்த்த மாட்டார். விதிகள் நிறைய வைத்திருந்தார். பரீட்சை அன்று வாழைப்பழம் சாப்பிட வேண்டும், தண்ணீர் வாயை நனைக்கிற அளவுக்குத்தான். கேட்டுக்கு வெளியே தோழியைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், அவள் படித்த ஏதோ ஒன்றை நீ படிக்கவில்லை என்று தெரிந்தால் உள்ளே போய் உதறும். சந்தேகம் என்றால் தொடாதே, தப்பான விடை உள்ளதையும் பிடுங்கும். ஹாலில் கழுத்து திரும்பவே கூடாது, திரும்பினால் காப்பி அடித்ததாக எழுதிவிடுவார்கள். இவற்றில் சில உருப்படியானவைதான். வாழைப்பழத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டை ஷேடிங்கில் தொடங்கியது. நீட் விடைத்தாளில் எழுத எதுவும் இல்லை. ஒவ்வொரு கேள்வி எண்ணுக்கும் நேராக நான்கு வட்டங்கள் இருக்கும். சரியான வட்டத்தைக் கருப்பு பால்பாயிண்ட் பேனாவால் நிரப்ப வேண்டும். அதைத்தான் ஷேட் பண்ணுவது என்போம். வினாத்தாளில் நீங்கள் என்ன கணக்குப் போட்டிருந்தாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. மெஷின் படிப்பது அந்த வட்டங்களை மட்டும். வட்டம் வெள்ளையாக இருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

நான் ஒரு கேள்வி முடித்ததும் அதன் வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகிறவள். ஸ்ட்ராடஜி சாருக்கு அது நேரக்கொலை. வினாத்தாளுக்கும் விடைத்தாளுக்கும் மாறி மாறிப் போய் வந்துதான் நான் இயற்பியலை முடிக்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். அவர் வழி வேறு. முதலில் உயிரியல் முழுவதையும் வினாத்தாளிலேயே டிக் அடித்து முடித்து, மொத்தமாக ஷேட் பண்ண வேண்டும். அப்புறம் வேதியியல், அதுவும் மொத்தமாக. கடைசியில் இயற்பியல். அதில் மட்டும் கை விடைத்தாள் பக்கமே போகக் கூடாது. பெல் அடிக்கிற வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெல் அடித்ததும் விடைத்தாளுக்குத் திரும்பி, இயற்பியல் முழுவதையும் ஒரே மூச்சில் நிரப்ப வேண்டும். நிஜப் பரீட்சையிலும் முடிவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை பெல் அடிப்பார்கள், அதுதான் நமக்கு ஷேடிங் பெல் என்றார்.

சென்டரில் அதற்கென்றே பெல் வைத்திருந்தார். எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் இருக்கிற அதே கரண்ட் பெல், பல்லைக் கூசவைக்கிற சத்தம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதிரித் தேர்வு நடக்கும். நிஜப் பரீட்சை நடக்கிற அதே மதிய நேரம். ஜன்னல்களுக்குத் திரை போட்டிருப்பார்கள், சுவரில் கடிகாரம் இருக்காது. கடிகாரத்தைப் பார்க்கிறவன் கேள்வியைப் பார்ப்பதில்லை என்பது அவர் கொள்கை. கடைசியில் அந்த பெல் அடிக்கும். அறை முழுக்க ஒரே நேரத்தில் தாள் புரளும், தலைகள் குனியும். பரீட்சை முடிவதற்கு பெல் கிடையாது. அவரே மைக்கில் பென்ஸ் டவுன் என்பார், நாங்கள் பேனாவை வைப்போம். ஒரு வருடம் முழுக்க எங்கள் காதுக்கு பெல் என்றால் ஷேட் பண்ணு என்று ஒரே அர்த்தம்தான்.

நான் சும்மா தலையாட்டிவிடவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது மாதிரித் தேர்வு முடிந்து சந்தேகம் கேட்கும் நேரத்தில் எழுந்து நின்றேன். ஒவ்வொன்றாக ஷேட் பண்ணினால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது, வேகத்தை வேறு எங்காவது கூட்டிக்கொள்கிறேன், என்னை மட்டும் என் வழியில் விடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் கிறிஸ்தவப் பெண் என்று அவருக்குத் தெரியும்.

"நிம்மதி வேணும்னா சர்ச்சுக்குப் போம்மா. சீட் வேணும்னா இங்க உக்காரு."

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது. சர்ச்சுக்குப் போவதையே அவருடைய ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுகளுக்காகத்தான் நிறுத்தியிருந்தேன். அம்மா தனியாகப் போய்க்கொண்டிருந்தாள், ஆராதனையில் எனக்கும் சேர்த்துப் பாடிவிட்டு வருவதாகச் சொல்வாள். அந்தக் கடுப்பில் அடுத்த வாரமும் என் வழியிலேயே எழுதினேன். வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தவர் என் மேசை அருகே நின்றார். இயற்பியல் பகுதியில் சில வட்டங்கள் பெல் அடிப்பதற்கு முன்பே கருப்பாக இருப்பதைப் பார்த்தார். என் விடைத்தாளை எடுத்து இரண்டாகக் கிழித்து, மடித்து, என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரம் எனக்கு மார்க் இல்லை. ரேங்க் பலகையில் என் இடத்தில் ஒரு கோடு.

அதற்குப் பிறகு எதிர்த்துக்கொண்டிருக்க என்னிடம் ஏது தெம்பு. பேட்ச் மாற்றிவிடுவார்களோ, கீழ் பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். சிக்னலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு சென்டரின் ஃபிளெக்ஸ் இருக்கும், அதில் மாலை போடாத குறையாக டாப்பர்களின் முகங்கள். அவர்கள் எல்லாரும் சொன்னதைக் கேட்டதால்தான் அங்கே இருக்கிறார்கள் என்று தோன்றும். நானும் பழகினேன். டிக் அடித்துக்கொண்டே போவேன், பெல் அடிக்கும், குனிவேன். மார்க்கும் ஏறியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இயற்பியலைக் கடைசிப் பக்கம் வரை முடிக்க ஆரம்பித்தேன். பெல் அடித்த பிறகு கை தானாக ஓடும், தலைக்கு வேலையே இருக்காது. ஸ்ட்ராடஜி சார் ஒரு நாள் என் ரேங்கைச் சொல்லிவிட்டு, இப்பத்தான் நீ பரீட்சை எழுதக் கத்துக்கிட்டே என்றார். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

மே மாதம் பரீட்சை வந்தது. அதற்கு முந்தின வாரம் அம்மா என் ஹால் டிக்கெட்டைச் சபைக்குக் கொண்டுபோய், மற்றப் பிள்ளைகளுடையதோடு சேர்த்து வைத்து ஜெபித்து வாங்கிவந்தாள். எனக்கு விழுந்த இடம் மேடவாக்கத்துக்கு அப்பால் ஒரு பள்ளி. தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். கம்மலைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தேன். ஹேர்கிளிப்பையும் கொடுத்தேன். அரைக்கைச் சட்டை, செருப்பு, வெறும் கை. வாட்ச் கட்டிக்கொள்ள அனுமதி இல்லை, அது முன்பே தெரியும். சோதனை செய்த பெண் என் தலைமுடிக்குள் விரலை விட்டுத் தேடினாள். அப்பா வெளியே சாலையோரத்து வேப்பமரத்தடியில் மற்ற அப்பாக்களோடு நின்றுவிட்டார்.

எனக்குக் கிடைத்த அறை பின்கட்டில் இருந்தது. கடிகாரம் இருந்தது, ஆனால் பின்சுவரில், என் தலைக்குப் பின்னால். கழுத்து திரும்பக் கூடாது. பரவாயில்லை, நமக்குத்தான் பெல் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பேட்ச்சில் படித்த ஒருத்தியும் அதே அறையில், எனக்கு முன்னால் அடுத்த வரிசையில் இருந்தாள். சார் சொன்னபடி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தொடங்க பெல் அடித்தது. அதே கரண்ட் பெல். உயிரியல் தண்ணீர்பட்ட பாடாக இருந்தது, முடித்து மொத்தமாக ஷேட் பண்ணினேன். வேதியியலில் பாதியில் கரண்ட் போனது. ஃபேன் நின்று எல்லாருக்கும் வியர்த்து ஊற்றியது, தாளில் கை ஒட்டியது. கைக்குட்டை கொண்டுபோக முடியாததால் சட்டை நுனியில்தான் துடைத்துக்கொண்டேன். வேதியியலையும் முடித்து ஷேட் பண்ணிவிட்டு இயற்பியலுக்குள் போனபோதும் கரண்ட் வரவில்லை. அந்த நேரத்தில் பெல் ஏதாவது அடித்திருக்க வேண்டுமோ, முன்கட்டில் யாராவது கையால் தட்டினார்களோ, எனக்குத் தெரியாது. பின்கட்டில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

இயற்பியல் அன்று எனக்கு அப்படி வந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒவ்வொரு கேள்வியும் திறந்து கொடுத்தது. லென்ஸ் கணக்கு, மின்சுற்று, சறுக்கிக்கொண்டு இறங்கும் கட்டை, எதுவும் என்னை நிறுத்தவில்லை. நடுவில் கண்காணிப்பாளர் அம்மா வருகைத்தாளோடு வந்தார். கையெழுத்து வாங்கி, கட்டைவிரலை மையில் வைத்து உருட்டினார். நேரம் என்ன என்று கேட்டேன். "டைம் இருக்கும்மா, எழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவருக்கு அறை முழுக்கக் கட்டைவிரல் பாக்கி இருந்தது. விரலில் ஒட்டிய மையை முழங்கையில் தேய்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது. கடைசிக் கேள்விக்கு முந்தைய கேள்வியில் இருந்தேன்.

பெல் அடித்தது.

அந்த நொடி எனக்கு வந்தது பயம் இல்லை. நிம்மதி. கிட்டத்தட்ட எல்லாம் முடித்துவிட்டோம், ஷேடிங் பெல்லும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, இந்த வருடம் சீட் நமக்குத்தான் என்று நெஞ்சு நிறைந்தது. விடைத்தாளைத் திருப்பி, இயற்பியல் பகுதியின் முதல் வட்டத்தை அவசரமே இல்லாமல் அழகாக நிரப்பினேன். அடுத்தது. அதற்கடுத்தது. எனக்கு முன்னால் அடுத்த வரிசையில் எங்கள் பேட்ச் பெண்ணும் குனிந்து ஷேட் பண்ணிக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அது ஏன் என்று புரிவதற்குள் என் தாளின் மேல் ஒரு கை வந்தது.

"பேனாவ வைம்மா. முடிஞ்சிருச்சு."

இப்பதான் மேடம் பெல் அடிச்சுது என்றேன். ஆமாம், அது முடிகிற பெல்தான் என்றார். ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டேன். தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுகூடக் கேட்டேன். கிழிந்தால் அதுவும் போய்விடும் என்று அவர் மெதுவாகச் சொன்னார். கையை எடுத்தேன். கடைசியாக நிரப்பிய வட்டத்தில் பேனா இழுபட்டு, மை வட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

வினாத்தாளை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன், உள்ளே என் விடைகள் எல்லாம் டிக் அடித்தபடி பத்திரமாக இருந்தன. அப்பா கம்மலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இன்னாமா, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்று கேட்டார். நான் அந்தச் சாலையோரத்தில், அத்தனை அப்பா அம்மாக்களுக்கு நடுவே, வாய்விட்டு அழுதேன். அவருக்கு விஷயத்தைப் புரியவைக்கவே ரொம்ப நேரம் ஆனது. புரிந்த பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: அதான் எல்லாத்தையும் கரெக்டா போட்டிருக்கியே, அத எடுத்துக் காட்டினா ஒத்துக்க மாட்டாங்களா.

ஒத்துக்க மாட்டார்கள். விடைக்குறிப்பு வெளிவந்ததும் வினாத்தாளை வைத்துச் சரிபார்த்தேன். இயற்பியலில் நான் போட்டவை கிட்டத்தட்ட எல்லாமே சரி. பிறகு என் விடைத்தாளின் படமும் இணையத்தில் வந்தது. இரண்டு பாடங்கள் கருகருவென்று நிறைந்திருக்க, மூன்றாவதில் தொடக்கத்தில் சில வட்டங்கள், அதன் பிறகு ஒரே வெள்ளை. எங்கள் பேட்ச் பெண்ணுக்கு ஃபோன் பண்ணினேன். பெல்லுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன் என்றாள் அவளும். அவள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். அவளோடு அதற்கப்புறம் நான் பேசவில்லை. பேசினால் இருவருக்கும் அந்த அறைதான் நினைவுக்கு வரும்.

ஸ்ட்ராடஜி சாரைப் போய்ப் பார்த்தேன். விடைத்தாளின் படத்தைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்தார். ஹாலில் கடிகாரம் இல்லையா என்றார். பின்னால் இருந்தது என்றேன். திரும்பிப் பார்க்க வேண்டியதுதானே என்றார். கழுத்து திரும்பக் கூடாது என்று ஒரு வருடம் சொன்ன அதே வாய். முறையில் தப்பில்லை, நீதான் அதைச் சரியாகச் செய்யவில்லை, இன்னொரு வருடம் சேர்ந்தால் நிச்சயம் கிடைக்கும், அப்பாவிடம் நான் பேசட்டுமா என்றார். மேசையில் இருந்த அந்த பெல் சுவிட்சைப் பிய்த்து எறிய வேண்டும்போல இருந்தது. படியிறங்கி வந்துவிட்டேன். அப்பாவிடம் நான் கேட்கவில்லை, கேட்பதில்லை என்பதுதானே பேச்சு. தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தேன். இயற்பியலின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அதோடு முடிந்திருக்கும், எங்கள் ஹவுஸ் ஓனர் அக்கா என்னைக் கூப்பிடாமல் இருந்திருந்தால். கீழ் வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம், ஒரு காலத்தில் நெல் போட்ட நிலத்தில் இப்போது வரிசையாக வாடகை வீடுகள். அவர் மகள் அதற்கடுத்த வருடம் பன்னிரண்டு முடித்திருந்தாள், அவளுக்கும் டாக்டர் ஆசை. அதே சென்டர் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச செமினார் நடத்துகிறது என்று நோட்டீஸ் வந்திருந்தது. "நீயும் கூட வாம்மா. உனுக்குத்தான் அங்க எல்லாம் தெரியுமே" என்றார். வர முடியாது என்று ஹவுஸ் ஓனரிடம் எப்படிச் சொல்வது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் போக வேண்டும்போல இருந்தது. அந்த மனுஷன் என்ன சொல்லி ஆள் பிடிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

மண்டபம் நிரம்பியிருந்தது. வாசலில் பன்னீர் தெளித்தார்கள், கையில் கல்கண்டு கொடுத்தார்கள், முகூர்த்தத்துக்குத்தான் வந்திருக்கிறோமோ என்று சந்தேகம் வரும். மணமேடையில் பெரிய ஸ்க்ரீன் கட்டி, அதன் பக்கத்தில் அதே சுருக்கமில்லாத சட்டையோடு ஸ்ட்ராடஜி சார் நின்றார். வாழைப்பழம் வந்தது, தண்ணீர் வந்தது, கேட்டுக்கு வெளியே தோழி வந்தாள். பெற்றோர்கள் ஃபோனைத் தூக்கிப் பிடித்து ஸ்க்ரீனில் வருவதையெல்லாம் படமெடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஹவுஸ் ஓனர் அக்காவும் எடுத்தார்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். ஒரு கதை சொல்கிறேன் என்றார்.

"போன வருஷம் எங்ககிட்ட ஒரு பொண்ணு படிச்சா. பிசிக்ஸ்ல புலி. ஆனா சொன்ன பேச்சக் கேக்க மாட்டா. தனக்குன்னு தனி வழி. ஹால்ல கனவு கண்டுகிட்டு உக்காந்துட்டா. கடைசியில என்ன ஆச்சு தெரியுமா?"

ஸ்க்ரீனில் ஒரு விடைத்தாள் வந்தது. பதிவு எண்ணை மட்டும் மறைத்திருந்தார்கள். இரண்டு பாடம் நிறைந்து, மூன்றாவதில் சில வட்டங்கள். கடைசி வட்டத்தில் மை வெளியே இழுபட்டிருந்தது. மண்டபம் முழுக்க உச்சுக்கொட்டியது. ஹவுஸ் ஓனர் அக்கா மகளின் தொடையில் தட்டி, பாத்துக்க, சொன்ன பேச்சக் கேக்கலன்னா இதான் என்றார்.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

"சார், அது என் ஷீட். நான் உங்க பேச்சக் கேட்டேன். கேட்டதாலதான் அது காலியா இருக்கு."

தலைகள் திரும்பின. மேலே சொன்னேன். பெல் அடித்தால்தான் ஷேட் பண்ண வேண்டும் என்று பழக்கியது நீங்கள், முன்னாலேயே பண்ணினேன் என்று என் தாளைக் கிழித்தது நீங்கள், அந்த அறையில் முடிகிற பெல்லை ஷேடிங் பெல் என்று நம்பிக் குனிந்தது நான் மட்டும் இல்லை, உங்களிடம் படித்த இன்னொருத்தியும்தான் என்றேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை. இப்போது இவர் என்ன செய்வார் பார்க்கலாம் என்று இருந்தது எனக்கு. அந்தச் சில நொடிகள், இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, எனக்கு மூச்சு சீராக வந்தது.

அவர் அசரவில்லை. மேடையின் ஓரத்துக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார், ரொம்ப நாள் கழித்து வந்த சொந்தக்காரப் பெண்ணைப் பார்ப்பதுபோல.

"பாருங்க பேரன்ட்ஸ், எவ்ளோ தைரியமான பொண்ணு. இந்த மாதிரி பிள்ளைங்க பட்ட கஷ்டத்துலேர்ந்து நாங்க கத்துக்கிறோம். அதனாலதான் இந்த வருஷத்துலேர்ந்து நம்ம சென்டர்ல டபுள் பெல். அவங்களுக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுங்க."

கையிலிருந்த பொத்தானை அழுத்தினார். என் விடைத்தாள் போய் அடுத்த பக்கம் வந்தது. இரண்டு மணிகளின் படம். ஒன்றின் கீழ் ஷேடிங் பெல், இன்னொன்றின் கீழ் ஃபைனல் பெல், இரண்டுக்கும் இரண்டு வண்ணம். மேலே பெரிய எழுத்தில், எங்கள் புதிய டபுள் பெல் முறை.

நான் எழுந்து நின்ற பிறகு தயாரித்தது இல்லை அது. முன்பே வரைந்து, வண்ணம் அடித்து, என் தாளுக்கு அடுத்த பக்கமாகக் கோத்து வைத்திருந்தது. என்ன நடந்தது என்று அவருக்கு முழுசாகத் தெரியும். பெல்தான் காரணம் என்று தெரிந்து, அதைச் சரியும் செய்துவிட்டு, அதற்கு முந்தைய பக்கத்தில் என்னைச் சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று போட்டிருக்கிறார்.

மண்டபம் கைதட்டியது. நல்ல மனதோடுதான் தட்டினார்கள். ஹவுஸ் ஓனர் அக்காவும் தட்டினார், என்னை நிமிர்ந்து பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். கைதட்டல் அடங்கியதும் ஃபோன்கள் மறுபடியும் மேலே போயின. நான் நின்றுகொண்டே இருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒருவர் என் தோளைத் தொட்டார். அப்பா வயதுதான் இருக்கும், கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"கொஞ்சம் உக்காரும்மா. ஸ்க்ரீன் மறைக்குது."

நான் உட்காரவில்லை.